பசி அடங்காத பிள்ளை, பீறிட்டுப் பாயும் வாந்தி



"கக்கின பிள்ளை தக்கும்" என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதில் பொய் இல்லை. பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டினால் ஏப்பத்தோடு இரண்டு வாய்ப் பால் வழிந்து வரும். துணியால் துடைத்து விட்டு நம் வேலையைப் பார்க்கிறோம். பிள்ளை சிரிக்கிறது, தூங்குகிறது, வாரத்துக்கு வாரம் கனம் ஏறுகிறது. அந்தக் கக்கலுக்கு மருந்தும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம்.

ஆனால், இந்தப் பழமொழி செல்லாத இடம் ஒன்று உண்டு. பிறந்து இரண்டு மூன்று வாரம் நல்லபடியாக இருந்த பிள்ளை, திடீரென்று குடித்த பாலை எல்லாம் பீறிட்டுக் கக்கத் தொடங்கும். ஒவ்வொரு தடவையும் கக்கும். கக்கி முடித்ததும் மறுபடியும் பசி என்று அலறும். நாளாக ஆக இளைத்துக் கொண்டே போகும். இப்படிக் கக்குகிற பிள்ளை தானாகத் தக்காது. அதன் வயிற்றுக்குள் ஒரு கதவு மூடிக் கொண்டு வருகிறது. அந்தக் கதவை டாக்டர்தான் திறந்து விட வேண்டும். திறந்து விட்டாலோ, அதோடு நோய் முடிந்தது!

ஆஸ்பத்திரியில் இதற்குப் 'பைலோரிக் ஸ்டெனோசிஸ்' என்று பெயர். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை. அடையாளம் மனசில் நின்றால் போதும்.

கதவு மூடுவது எப்படி?

நாம் குடிப்பதும் தின்பதும் முதலில் இரைப்பையில் போய் விழுகின்றன. அங்கிருந்து சிறுகுடலுக்குப் போகும் வாசலில் வளையம் போல ஒரு தசை இருக்கிறது. வாய்க்கால் மடையைப் போல அது திறந்து திறந்து மூடி, உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அனுப்புகிறது. சில பிள்ளைகளுக்குப் பிறந்த சில வாரங்களில் இந்தத் தசை தடித்துப் போகிறது. தடிக்கத் தடிக்க நடுவில் உள்ள வழி குறுகி, கடைசியில் ஒரு நூல் நுழையும் அளவுக்கு ஆகி விடுகிறது.

பால் கீழே போக வழியில்லை. இரைப்பையோ விடாமல் முக்கித் தள்ளுகிறது. கீழே போகாதது மேலே வரத்தானே வேண்டும்? அதனால்தான் வாந்தி வாயோரம் வழியாமல், பீச்சியடித்தது போல ஓரடி, இரண்டடி தள்ளிப் போய் விழுகிறது.

பெரும்பாலும் 3 வாரத்திலிருந்து 6 வாரத்துக்குள் இது தொடங்கும். சில பிள்ளைகளுக்குக் கொஞ்சம் முந்தியும் சிலருக்கு 12 வாரம் வரையிலும் வரலாம். பெண் பிள்ளைகளைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு ஆண் பிள்ளைகளுக்கு வருகிறது. தலைப்பிள்ளைக்குக் கூடுதலாக வருகிறது. தாய்க்கோ தகப்பனுக்கோ சிறுவயதில் இந்த நோய் வந்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு அதிகம். பிறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் எரித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கொடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் இது கூடுதலாக வருவதைக் கண்டிருக்கிறார்கள். தசை ஏன் தடிக்கிறது என்பதற்கு இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது.

மேல்நாடுகளில் ஆயிரம் பிள்ளைகளில் இரண்டு முதல் நான்கு பேருக்கு வருகிறது என்பது கணக்கு. ஆசியப் பிள்ளைகளிடம் அதைவிடக் குறைவு. குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. அரிதாக வருவதால்தான் நம் கண்ணுக்கு அது சட்டென்று தட்டுப்படுவதில்லை.

கண்ணேறா? தாய்ப்பால் சேரவில்லையா?

நோய் வரும் நாளைக் கவனியுங்கள். மூன்றிலிருந்து ஆறு வாரம். நம் வீடுகளில் முப்பதாம் நாள் முடி இறக்கி, பெயர் வைத்து, சாமி கும்பிட்டு, லயம் முழுக்கக் கூப்பிட்டுச் சோறு போடும் காலமும் அதுதான்! சடங்கு முடிந்த இரண்டாம் நாள் பிள்ளை கக்கத் தொடங்கினால் வீட்டில் என்ன பேச்சு வரும்? "அன்னிக்கு அத்தனை பேரு வந்து தூக்கிப் பாத்தாங்க. கண்ணு பட்டுப் போச்சு" என்று வரும்.

அதைவிடக் கொடுமை, பச்சை உடம்புக்காரியின் மேல் பழி விழுவது. "நீ பத்தியம் கெட்டுட்டே. ஒன் பாலு சூடு. அதான் புள்ளைக்கு ஒத்துக்கல" என்று மாமியார் சொல்வார். அந்தப் பெண்ணும் பாவம், அழுது கொண்டே தாய்ப்பாலை நிறுத்தி விட்டு டின் பால் கரைப்பாள். அதையும் பிள்ளை கக்கும். இன்னொரு டின் வாங்குவார்கள். மூன்றாவது டின்னும் வந்து சேரும். காசும் போகும், நாளும் போகும்.

தாய்மார்களே, மனசில் பதிய வைத்துக் கொள்ளுங்கள். நீங்கள் தின்ற எதனாலும் இந்தத் தசை தடிக்கவில்லை. உங்கள் பாலில் குற்றமில்லை. சொல்லப் போனால், தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளைவிடப் புட்டிப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்குத்தான் இந்த நோய் அதிகம் என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

விபூதி பூசுவதில் குற்றமில்லை. பூசிய கையோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஆனால், "குடல் ஏறிடுச்சு" என்று சொல்லிப் பிள்ளையின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்கித் தேய்ப்பதும் கூடவே கூடாது. வசம்பைச் சுட்டு இழைத்து ஊட்டுவதும், கிரைப் வாட்டர் கொடுப்பதும் வேண்டாம். வாசல் மூடிக் கிடக்கும்போது எந்த மருந்தை ஊற்றினாலும் அது வாந்தியோடுதான் வெளியே வரும். புரையேறி நெஞ்சுக்குள் போனால் அதுவே ஆபத்தாகி விடும்.

வீட்டிலேயே கண்டு கொள்ளும் அடையாளங்கள்

முதலாவது, வாந்தி வரும் வேகம். பால் குடித்த உடனேயோ அரை மணி நேரத்துக்குள்ளேயோ பீறிட்டுப் பாயும். தொடக்கத்தில் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை இருக்கும். போகப் போக ஒவ்வொரு பாலுக்கும் வரும்.

இரண்டாவது, வாந்தியின் நிறம். வெள்ளையாகவோ, திரைந்த தயிர் போலவோ, புளித்த வாடையோடு இருக்கும். பச்சையோ மஞ்சளோ இருக்காது. பித்தநீர் கலப்பது மூடிய வாசலுக்குக் கீழே உள்ள குடலில் என்பதால் அது மேலே வர வழியில்லை. நாள்பட்ட பிள்ளைக்கு வாந்தியில் காப்பித் தூள் போலக் கறுப்புப் புள்ளிகள் தெரியலாம். இரைப்பை புண்ணாகி இரத்தம் கசிந்ததன் அடையாளம் அது.

மூன்றாவது, பசி. மற்ற நோயில் வாந்தி எடுக்கும் பிள்ளை பாலைக் கண்டாலே முகத்தைத் திருப்பும். இந்தப் பிள்ளையோ கக்கி முடித்த கையோடு வாயைச் சப்பிக் கொண்டு மார்பைத் தேடும். கொடுத்தால் ஆவலாகக் குடிக்கும். மறுபடியும் பீறிடும்.

நான்காவது, வயிற்றில் ஓடும் அலை. பால் குடித்தவுடன் சட்டையைத் தூக்கி விட்டு, வெளிச்சத்தில் மேல் வயிற்றைப் பாருங்கள். தோலுக்கு அடியில் ஒரு பந்து உருள்வது போல, பிள்ளையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக அலை நகர்வது தெரியலாம். இரைப்பை முக்கித் தள்ளுவதுதான் அப்படித் தெரிகிறது.

ஐந்தாவது, ஒன்றுக்கும் இரண்டுக்கும் போவது குறையும். முதல் வாரம் தாண்டிய நல்ல பிள்ளை நாளைக்கு ஆறு தடவையாவது துணியை நனைக்கும். அது மூன்று, இரண்டு என்று குறைந்தால் உடம்பில் தண்ணீர் வற்றுகிறது என்று பொருள். மலமும் கொஞ்சமாக, இறுகிப் போய் வரும்.

ஆறாவது, எடை. முதல் மூன்று மாதத்தில் பிள்ளை வாரத்துக்கு ஏறக்குறைய 150 முதல் 200 கிராம் ஏற வேண்டும். கிளினிக்கில் கொடுக்கும் பிள்ளையின் புத்தகத்தில் எடை எழுதியிருப்பார்கள். அந்த எண்ணைப் படித்துப் பாருங்கள். இரண்டு வாரம் நின்ற இடத்திலேயே நின்றாலோ இறங்கினாலோ வேறு சாட்சி வேண்டியதில்லை.

பச்சை வாந்தி வந்தால்?

இதைத் தனியாகச் சொல்கிறோம். கைக்குழந்தை பச்சை நிறமாக வாந்தி எடுத்தால் அது வேறு நோய். குடல் முறுக்கிக் கொண்டிருக்கலாம். முறுக்கிய குடலுக்கு இரத்தம் போகாது. சில மணி நேரத்தில் குடல் அழுகி விடும். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நடுராத்திரி ஆனாலும் 999க்கு அடியுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் கிளம்புங்கள்.

காய்ச்சலோடு வாந்தி, பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடப்பது, வயிறு உப்பிக் கல்லாக இருப்பது, மலத்தில் இரத்தம் ஆகியவையும் அப்படித்தான். எல்லா வாந்தியும் ஒரே நோய் அல்ல. எது என்ன என்று டாக்டர் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தள்ளிப் போட்டால் என்ன ஆகும்?

ரப்பர் ஸ்டோரில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். பால் உறைய ஆசிட் ஊற்றுவதில் ஓர் அளவு இருந்தது. கூடினாலும் கெட்டது, குறைந்தாலும் கெட்டது. நம் இரத்தத்துக்கும் அப்படி ஓர் அளவு உண்டு. இரைப்பையில் இயற்கையாகவே ஓர் ஆசிட் ஊறுகிறது. பிள்ளை கக்கும்போது பால் மட்டும் போவதில்லை. அந்த ஆசிட்டும், தண்ணீரும், உப்புச் சத்தும் சேர்ந்து போகின்றன. குளோரைடும் பொட்டாசியமும் குறைந்து, இரத்தம் காரப் பக்கம் சாய்ந்து விடுகிறது.

அப்படிச் சாய்ந்த பிள்ளை சோர்ந்து போகும். உச்சிக்குழி உள்ளே அமுங்கும். கண் குழி விழும். நாக்கு வறளும். கை கால் குளிரும். மூச்சு மெதுவாகி விடும். "நேத்து வரைக்கும் அழுதுக்கிட்டே இருந்திச்சு, இன்னிக்கு அமைதியா தூங்குது" என்று சொல்லித் திருப்தி அடைந்து விடாதீர்கள். பசித்த பிள்ளை அழாமல் கிடப்பதுதான் பெரிய ஆபத்து. அந்த நிலையில் ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்கக் கூடாது.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

டாக்டர் முதலில் உங்களைத்தான் விசாரிப்பார். கக்கத் தொடங்கி எத்தனை நாள்? என்ன நிறம்? பால் குடித்து எவ்வளவு நேரத்தில் வருகிறது? இன்று எத்தனை தடவை ஒன்றுக்குப் போனது? பயப்படாமல் பதில் சொல்லுங்கள். தாய் சொல்லும் சேதிதான் பாதிச் சோதனை.

பிறகு பிள்ளையை அமைதிப்படுத்தி, வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். தடித்த தசை மேல் வயிற்றில், தொப்புளுக்கும் விலாவுக்கும் நடுவே வலப்பக்கமாக ஒரு சின்ன உருண்டையாகக் கையில் தட்டுப்படலாம். வெள்ளைக்காரர்கள் அதை ஆலிவ் காய்க்கு ஒப்பிடுவார்கள். நாம் பாக்குக் கொட்டை என்று வைத்துக் கொள்ளலாம்.

அடுத்தது ஸ்கேன். கர்ப்பத்தில் உங்களுக்கு எடுத்தார்களே, அதே அல்ட்ராசவுண்ட்தான். ஊசி இல்லை, வலி இல்லை, பிள்ளையின் உடம்பைக் கெடுக்கும் கதிரும் இல்லை. தசையின் கனம் 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்து, குறுகிய வழியின் நீளமும் ஏறக்குறைய 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் நோய் உறுதி. முதல் நாள் ஸ்கேனில் சரியாகத் தெரியாவிட்டால் ஒன்றிரண்டு நாள் கழித்து மறுபடியும் எடுப்பார்கள். தசை அதற்குள் இன்னும் தடித்திருக்கும். "ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க" என்று இருந்து விடாமல், வாந்தி நிற்கவில்லை என்றால் திரும்பப் போங்கள். இரத்தம் எடுத்து உப்பின் அளவையும் பார்ப்பார்கள்.

"வந்து ஒரு நாளாச்சு, இன்னும் ஆப்பரேஷன் பண்ணலையே!"

தகப்பன்மார் பலர் கோபப்படும் இடம் இது. காரணத்தைத் தெரிந்து கொள்ளுங்கள். இரத்தம் காரப் பக்கம் சாய்ந்திருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால் பிள்ளையின் மூச்சு நின்று போகலாம். ஆகவே முதலில் தண்ணீரையும் உப்பையும் சரிக்கட்ட வேண்டும். நரம்பில் ஊசி போட்டுக் குளுக்கோசும் உப்பும் கலந்த தண்ணீரை ஏற்றுவார்கள். பிள்ளை சிறுநீர் கழிப்பதைப் பார்த்துப் பொட்டாசியம் சேர்ப்பார்கள். மூக்கு வழியாக ஒரு சின்னக் குழாயை விட்டு இரைப்பையில் தேங்கியதை எடுப்பதும் உண்டு. இதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ பிடிக்கும். அந்த நாள் வீணான நாள் அல்ல, பிள்ளையின் உயிரைக் காக்கும் நாள். சீக்கிரம் கொண்டு வந்த பிள்ளைக்கு இந்தக் காத்திருப்பும் குறைவு.

அதுவரை பிள்ளைக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்க மாட்டார்கள். பிள்ளை அழும். பார்க்கச் சகிக்காது. இரக்கப்பட்டு ஒளித்துப் பால் கொடுத்து விடாதீர்கள். தாய்மார்கள் தங்கள் பாலைப் பீய்ச்சி எடுத்து வந்தால் சுரப்பு நிற்காமல் இருக்கும். பிறகு அதுவே பிள்ளைக்கு உதவும்.

நூறு வருஷத்துக்கு முந்திய கதை

இந்த நோயை 1888ஆம் ஆண்டில் தெளிவாக எழுதி உலகத்துக்குச் சொன்னவர் கோப்பன்ஹேகன் நகரத்துக் குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்பிரங். அந்தக் காலத்தில் இது வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் இறந்தார்கள். இரைப்பையை வெட்டிக் குடலோடு வேறு பாதையில் இணைத்துப் பார்த்தார்கள். அந்தப் பெரிய வேலையைப் பிஞ்சு உடம்பு தாங்கவில்லை.

1911ஆம் ஆண்டில் ஜெர்மனியில் மூன்ஸ்டர் நகரத்தில் கொன்ராட் ராம்ஸ்டெட் என்ற டாக்டர் ஒரு குழந்தைக்குச் சிகிச்சை செய்தார். தடித்த தசையை நீளவாக்கில் கீறி விட்டு, பிறகு குறுக்காகத் தைக்கப் பார்த்தார். இறுகிய தசையில் நூல் நிற்காமல் அறுத்துக் கொண்டு வந்தது. சரி என்று தையல் போடாமலேயே விட்டார். பிள்ளை பிழைத்தது. தசையைக் கீறி விட்டாலே போதும், தைக்க வேண்டியதில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. அடுத்த பிள்ளைக்கு அப்படியே செய்து, 1912இல் அதை எழுதி வெளியிட்டார். இன்றைக்கும் உலகம் முழுக்க நடப்பது அதே சிகிச்சைதான். கைதேர்ந்த குழந்தை அறுவை டாக்டர்கள் உள்ள இடத்தில், இந்த நோயால் இறக்கும் பிள்ளைகள் இப்போது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

"இத்தனூண்டு புள்ளைக்கு வயித்தக் கிழிக்கிறதா?"

வீட்டுப் பெரியவர்கள் இப்படித்தான் பதறுவார்கள். அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள். இதில் எந்த உறுப்பையும் வெட்டி எடுப்பதில்லை. குடலைத் திறப்பதும் இல்லை. தடித்த தசையை மட்டும் மேலே கீறி விரித்து விடுகிறார்கள். உள்ளே இருக்கும் மெல்லிய தோல் அப்படியே இருக்கிறது. இறுகக் கட்டிய கயிற்றை அவிழ்த்து விட்டது போலப் பால் போகும் வழி திறந்து கொள்கிறது. வேலை முடிய ஒரு மணி நேரத்துக்குள்தான் ஆகும். தொப்புளைச் சுற்றிச் சின்னதாகக் கீறியோ, சிறு துளைகள் வழியாகக் கேமரா வைத்தோ செய்வதால், வளர்ந்த பிறகு தழும்பு கூடச் சரியாகத் தெரியாது.

எந்தச் சிகிச்சையிலும் போல இதிலும் சிறு ஆபத்துகள் உண்டு. உள்தோலில் ஓட்டை விழலாம், அப்போதே தைத்து விடுவார்கள். புண்ணில் கிருமி பிடிக்கலாம். தசை முழுதாகக் கீறப்படாமல் மறுபடியும் செய்ய நேரலாம். இவை எல்லாம் அபூர்வம்.

"மருந்துலேயே சரிப்படுத்த முடியாதா?" என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. அட்ரோபின் என்ற மருந்தைக் கொடுத்துத் தசையைத் தளர்த்தும் முறை ஜப்பான் போன்ற நாடுகளில் நடப்பில் உண்டு. ஆனால், பல நாள் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் அது கேட்பதில்லை. கடைசியில் அறுவைக்கே வர வேண்டியதும் ஏற்படும்.

சிகிச்சை முடிந்து சில மணி நேரத்திலேயே பால் கொடுக்கச் சொல்வார்கள். முதல் ஒன்றிரண்டு நாள் பிள்ளை கொஞ்சம் கக்கலாம். இரைப்பை வீக்கம் வற்றும் வரை அப்படி இருக்கும். "ஆப்பரேஷன் செஞ்சும் நிக்கலையே" என்று மனம் உடைய வேண்டாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பி விடுவார்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஐந்தாறு நாள் ஆகியும் பீறிட்டுக் கக்கினாலோ, புண் சிவந்து சீழ் வைத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே திரும்பிக் கொண்டு போங்கள். மற்றபடி இந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே தின்னும், ஓடும், படிக்கும். பத்தியம் எதுவும் இல்லை.

"பேர் போய்விடுமே!"

தோட்டத்து வாழ்க்கை நமக்குத் தெரியாததல்ல. ஒரு நாள் பிரட்டுக்குப் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போச்சு. முன்பு தோட்டங்களிலேயே இருந்த ஆஸ்பத்திரிகள் பல மூடிக் கிடக்கின்றன. பட்டணத்துக்குப் போக வண்டிக்குச் சொல்ல வேண்டும். ஆகவே "சம்பளம் போடட்டும், அப்புறம் பாப்போம்" என்று நாள் தள்ளுகிறோம். இந்த நோயில் தள்ளுகிற ஒவ்வொரு நாளும் பிள்ளையின் உடம்பிலிருந்துதான் கழிகிறது. மூன்றாம் நாளில் கொண்டு போன பிள்ளை சீக்கிரம் வீடு திரும்பும். இரண்டு வாரம் கழித்துக் கொண்டு போன பிள்ளைக்குத் தண்ணீர் ஏற்றவே பல நாள் பிடிக்கும். சம்பளக் கணக்குப் பார்த்தாலும் முந்திப் போவதே லாபம்.

தோட்டத்தில் எச்.ஏ. இருந்தால் அவரிடம் காட்டுங்கள். இல்லாவிட்டால் நேரே அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். "வயிற்று வலி, வாயு" என்று மருந்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பினால், அஞ்சாமல் சொல்லுங்கள்: "ஐயா, ஒவ்வொரு பாலுக்கும் பீறிட்டுக் கக்குது. கக்குனதும் பசிக்குது. எடை ஏறல. ஸ்கேன் எடுத்துப் பாக்கணுமா?" இந்த நாலு வார்த்தை போதும். கேட்பது மரியாதைக் குறைவல்ல. கைப்பேசி இருந்தால் பிள்ளை கக்குவதையும் வயிற்றில் அலை ஓடுவதையும் படம் பிடித்துக் காட்டுங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி.

குழந்தை அறுவைக்கென்றே தனிப் பிரிவு கோலாலம்பூர், பினாங்கு, ஜொகூர் பாரு போன்ற இடங்களின் அரசாங்கப் பெரியாஸ்பத்திரிகளில் இருக்கிறது. மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் கொடுத்து அங்கே அனுப்புவார்கள். குடிமக்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் குறைவு. பிள்ளையின் பிறப்புப் பத்திரம், கிளினிக் புத்தகம், தாய் தகப்பன் அடையாளக் கார்டு ஆகியவற்றை ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். ஆப்பரேஷனுக்குக் கையெழுத்துப் போட வேண்டி வரும், ஆகவே தகப்பனும் கூடப் போவது நல்லது. போகும் வழியில் பிள்ளையை ஒருக்களித்துப் பிடித்துக் கொள்ளுங்கள். வாந்தி வந்தால் மூச்சுக் குழலில் இறங்காது. டாக்டர் பார்த்து நிறுத்தச் சொல்லும் வரை, பிள்ளை கேட்டால் தாய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்ற பெண் இருந்தால் அவளிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாத பாட்டிக்கு வாயால் சொல்லுங்கள். அவர்கள் சொல்லைத்தான் வீடு கேட்கும். வழிந்து வரும் பாலைத் துடைத்து விடலாம். பீறிட்டு வரும் பாலை மட்டும் சும்மா விடாதீர்கள். பிள்ளையைத் தூக்கிக் கொண்டு புறப்படுங்கள்!